ஒரு ஜோடி அடைப்புக்குறி

வல்பராய்சோவில் ஜூலை மழை
குன்றுகளின் தகரக் கூரைகளைத் தட்டிக்கொண்டே
துறைமுகத்துக்கு இறங்கிய ஒரு பிற்பகலில்,
நாய்க் காப்பகத்தின் இயக்குநர் பால்தோமேரோ
என் மேசை விளிம்பில் உட்கார்ந்து சொன்னார்:
"கிழட்டு நாய்களைப் பக்கத்தில் காட்டாதே,
பார்க்க வருகிறவர்கள் மூடிவிட்டுப் போகிறார்கள்."

அழிக்கச் சொல்லவில்லை.
தன் சம்பளத்தில் சொறிமருந்து வாங்குகிற மனிதர்.
காட்டாதே என்றார், அவ்வளவுதான்.

எனக்கு அது நாலு வரி வேலை.
தரவுத்தளத்துக்குக் கிளம்பும் கேள்வியை
வாசலிலேயே மறித்து
அதன் சட்டைப்பையில் ஒரு சீட்டைச் செருக வேண்டும்:
வயது எட்டுக்குக் கீழ்.
தான் கேட்டது வழியில் மாறியது
கேட்டவருக்குத் தெரியாது.
பதினோரு வயது தோர்னியோ,
திருகாணி என்று பெயர், ஒரே காது,
பதினாலாம் கூண்டில் வாலை ஆட்டியபடியே
பட்டியலிலிருந்து உதிர்ந்தது.

ஆகஸ்டில் ஒரு மின்னஞ்சல்.
எர்மோஹெனெஸ், சரக்குக் கிடங்கின் இரவுக் காவலர்:
"குட்டி வேண்டாம்.
எனக்குப் பிறகும் அது இருந்தால் யார் பார்ப்பது?
படியேறும்போது நான் நின்றால்
தானும் நிற்கிற நாய் இருக்கிறதா?"

இருக்கிறது என்று எழுதவில்லை.
ஒரு பெட்டி வைத்தேன் திரையில்: மெதுவாக நடப்பவை.
அதைத் தொட்டால்
கேள்வியின் பையில் இன்னொரு சீட்டு.
வெளியிடப்பட்டவை, மற்றும்
எட்டுக்குக் கீழ், அல்லது
மெதுவாக நடப்பவை.

இரவு ஒன்றே முக்கால்.
தேநீர் ஆறிப்போயிருந்தது.
அடைப்புக்குறி போட மறந்தேன்.

"அல்லது" என்பது வேலியில்லாத சொல்.
"மற்றும்" கட்டிவைத்த எல்லாவற்றையும் தாண்டி
தன் ஆட்களை அழைத்து வந்துவிடும்.
விடிந்தபோது பக்கத்தில்
மெதுவாக நடந்தவை எல்லாம் வரிசையில் நின்றன:
தோர்னியோ,
வீடு கிடைத்துப் போய்விட்ட மிகாஹா,
போன குளிர்காலத்தில், அதற்கு முந்தையதில்,
நாங்கள் சரிவில் குழி வெட்டிய பத்தொன்பது.
புகைப்படத்தில் எல்லாமே
யாரோ ஒருவர் கையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு.

பிழையை நான் பிடிப்பதற்குள்
தொலைபேசி பிடித்துவிட்டது.
கில்புவேயிலிருந்து எதுவிஹிஸ்.
நீங்கள் கபித்தான் என்று போட்டிருப்பது
கபித்தான் அல்ல, ரூலோ.
இடது முன்கால் மட்டும் வெள்ளை.
புத்தாண்டு வாணவேடிக்கைக்கு மிரண்டு
வேலி தாண்டியவன்.
நாலு வருடம்.
கோட்டு போட்டுக்கொண்டே பேசுகிறேன்,
இப்போது வரலாமா?

பதிவைத் திறந்தேன்.
நிலை: பூஜ்யம்.
கீழே யாரோ எழுதிய குறிப்பு:
நன்றாகச் சாப்பிடும். கிழக்குச் சுவரின் வெயில் பிடிக்கும்.

சொன்னேன்.
எந்தச் சொற்களில் என்று நினைவில்லை.
அந்தப் பக்கம் கோட்டின் ஜிப் மேலே போன ஒலி
கீழே வரவில்லை.
கொஞ்சம் கழித்துக் கேட்டாள்,
"கிழக்குச் சுவர் என்றால், காலை வெயிலா?"
ஆமாம் என்றேன்.

பிறகு அடைப்புக்குறிகளைப் போட்டேன்,
ஒன்று திறக்க, ஒன்று மூட.
பத்தொன்பதும் போயின.
எர்மோஹெனெஸ் சனிக்கிழமை வந்து
தோர்னியோவைப் பார்த்துச் சிரித்துவிட்டு
பக்கத்துக் கூண்டிலிருந்த, எல்லோரையும் உறுமும்,
பல்லில்லாத பெட்டையைக் கூட்டிப்போனார்.
திருகாணி இன்னும் பதினாலில்தான்.

அன்றிரவு கோடில் மேலும் ஒரு நிபந்தனை சேர்த்தேன்.
குறிப்பிட்ட ஒரு முகவரியிலிருந்து கேள்வி வந்தால்
நிலையைப் பார்க்காதே,
வயதைப் பார்க்காதே,
இருநூற்றுப் பன்னிரண்டாம் பதிவை மட்டும் கொடு.
அந்த முகவரியைக் கில்புவேக்கு அனுப்பினேன்.

இயக்குநருக்குச் சொல்லவில்லை.
அடுத்து வருகிறவர் புரிந்துகொள்வதற்காக
காரணம் எழுத வேண்டிய இடத்தில்
நெடுநேரம் கர்சர் துடித்தது.
கடைசியில்
எல்லோரும் எழுதுவதையே எழுதினேன்:
தற்காலிகம்.